ஒரு மணி நாற்பத்தேழாவது நிமிடத்தில் ஓடிவரும் பெண்

1

இந்தக் கதை ஒரு வாய்ச்சவடாலில் பிறந்தது. சவடால் விட்டது நான்தான்.

விருதுநகரில் எங்களுக்கு ஒரு திரைப்படச் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் பதினொரு பேர். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு கம்ப்யூட்டர் சென்டர் மாடியில் கூடி, பனி கொட்டும் நாட்டுப் படம் ஒன்றை வேர்க்க வேர்க்கப் பார்ப்போம். பிறகு வடை. வடைக்குப் பின் விவாதம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். வடையோடு ஏழு பேர் கிளம்பிவிடுவார்கள்.

தலைவர் ராஜபாண்டியன், கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர். சங்கத்துக்குப் பத்து வயதாகிறது, விழா மலர் போடவேண்டும் என்று ஆரம்பித்தார். "நம்ம ஊருக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது எழுதணும்" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"எம்புட்டோ இருக்கு சார். நாலு பக்கம் நான் தாரேன்."

ஒன்றுமே இல்லை. என்னிடம் இருந்தது நாற்பத்தொன்பது வயதும், ஒரு தையல் சாமான் கடையும், ஆள் வராத மதிய நேரத்தில் போனில் பழைய படம் பார்க்கும் பழக்கமும்தான். (பெயர் பைரோஜா. கதாசிரியரும் கதைசொல்லியும் வேறு வேறு ஆட்கள் என்று ஒரு கட்சி உண்டு. அத்தனை பேருக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. "நான்" என்று வந்தால் என்னையே நினைத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் கட்டுரையாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொடக்கம் ஒன்று: "கந்தகம் மணக்கும் இந்த மண்ணில்——" (நிறுத்து. கந்தகம் மணக்காது. இருமல் வரும்.)

தொடக்கம் இரண்டு: "தமிழ்நாட்டுச் சுவர்களில் சிரித்த அத்தனை கதாநாயகர்களும் முதலில் சிவகாசியில்தான் சிரித்தார்கள்." இது உண்மை. சிவகாசி எங்கள் பக்கம்தான், போஸ்டர் இங்கே அச்சாகும். மஞ்சள் ஒரு ஓட்டம், சிவப்பு ஒரு ஓட்டம், நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சளோடு மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், எப்பேர்ப்பட்ட வீரனும் காமாலை கண்டவனாகத்தான் கிடப்பான். மாடு தின்னாமல் விட்ட போஸ்டர் ஓரத்தில் பொடி எழுத்தில் சிவகாசி என்று இருக்கும். முதல் நாள் முதல் காட்சியில் தியேட்டர் வாசலில் வெடிக்கும் சரமும் இங்கிருந்து போன லோடுதான். ஆக, படத்துக்கு முன்னால் ஒட்டப்படுவதும் வெடிப்பதும் நாங்கள். படத்துக்குள் எங்களுக்கு இடம் உண்டா என்று பார்த்தால் உண்டு. இரண்டு வேலை. ஒன்று, வறண்டு கிடப்பது. இன்னொன்று, தீப்பிடிப்பது.

இதோடு அரைப் பக்கம் முடிந்துவிட்டது. இன்னும் மூன்றரைப் பக்கம் இருந்தது. ராஜபாண்டியன் போன் செய்து, தலைப்பு மட்டும் தானே யோசித்துவிட்டதாகச் சொன்னார்: "திரியும் திரையும்." நல்லா இருக்கு சார் என்றேன். என் பொய்களில் அது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரியது, அது பிறகு வரும்.

தொடக்கம் மூன்று: ஒரு பெண் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடிவருகிறாள்.

இதை வைத்துக்கொள்வோம்.

3

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எடுத்தவர்கள் யாராவது உயிரோடு இருந்து, இதைப் படித்து, பெருமைப்பட்டுவிடக் கூடாது. 1994இல் எடுத்தது. சிவகாசியில் ஒன்பது நாள் ஓடியது. நல்ல முதலாளி, கெட்ட மைத்துனன், பட்டாசு ஆலை, முதலாளியின் மகளைக் காதலிக்கும் ஃபோர்மேன். சம்பளம் பற்றி மூன்று மணி நேரத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். மைத்துனன் ஆலைக்குத் தீ வைக்க, முதலாளி உள்ளே மாட்டிக்கொள்கிறார். தொழிலாளர்கள் அலறிக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் பன்னிரண்டாவது வினாடி. ஓடிவருகிற பெண்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்து ஓடிவருகிறார்கள். ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். எரியும் ஷெட்டின் வாசலில் வரிசையாகச் செருப்புகள். அதில் ஒன்றின் முன்னால் நின்றுவிடுகிறாள். நிமிர்கிறாள். வாய் திறக்கிறது. மொத்தம் நான்கு வினாடி.

பட்டாசு ஷெட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது. வாசலில் கழற்றிவிட வேண்டும். அதனால் விபத்து என்றால் இங்கே முதலில் யாரும் முகத்தைத் தேடமாட்டார்கள், செருப்பைத் தேடுவார்கள். எந்தச் செருப்பை எடுக்க ஆள் வரவில்லையோ, அந்த வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். இதைச் சென்னையிலிருந்து வந்த துணை நடிகைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இந்தப் பெண் எங்கள் பக்கத்துக்காரி என்று எனக்கு உடனே பட்டது.

வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு கருத்து இருந்தது. "இது எங்க ஊரு எம். புதுப்பட்டி. செருப்புகிட்ட நிக்கிறது எங்க தெரு கருப்பம்மாள் அக்கா." எழுதியவர் பெயர் ஆண்டிச்சாமி. இரண்டு பேர் அதை விரும்பியிருந்தார்கள். ஒன்று நான். இன்னொன்று அவரே என்று பிறகு தெரிந்தது.

4

தம்பி சைஃபுல்லாவின் வண்டியில் போனேன். வழியில் நாரணாபுரம் தாண்டியதும் சுவருக்குச் சுவர் "புகைக்காதே" எழுதியிருந்தது. சைஃபுல்லா அதைப் படித்துவிட்டு, பாதிச் சிகரெட்டை அணைத்துப் பைக்குள் பத்திரப்படுத்தினான்.

ஆண்டிச்சாமி எம். புதுப்பட்டியில் டீக்கடை வைத்திருக்கிறார். அவர் காட்டிய வீட்டில் கருப்பம்மாள் வாசலோடு உட்கார்ந்து பட்டாசுக்கான காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. (முதல் பிரதியில் இங்கே "காலம் கோடு போட்ட முகம்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சாதாரண முகம். மூக்கில் வெள்ளைக் கல் மூக்குத்தி.)

"வாங்க தாயி. சினிமாக்காரவுக வாராகன்னு ஆண்டிச்சாமி சொன்னான்."

"சினிமாக்காரி இல்லம்மா. சினிமா பாக்குறவ. அதுக்கு ஒரு சங்கம் இருக்கு."

"பாக்குறதுக்குமா சங்கம் வச்சிருக்கீக?"

பத்து ஆண்டுகளில் எங்கள் சங்கத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் இதுதான் சுருக்கமானது.

அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். ஊருக்கு மேற்கே லைசென்ஸ் போன ஒரு ஆலை கிடந்தது. அதில்தான் ஷூட்டிங். ஷெட்டு வாசலில் போட நிஜச் செருப்பு வேண்டும் என்று அந்த ஆலையின் பழைய வாட்ச்மேன் யோசனை சொல்லியிருக்கிறார். கம்பெனி ஆள் தெருவில் நின்று அறிவித்தான்: பழைய செருப்பு கொடுத்தால் புதுச் செருப்பு. ஆண்கள் பாதிப் பேர் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். அதில் கருப்பம்மாளின் கணவரும் ஒருவர். அன்றைக்கு வேலைக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, ஷூட்டிங் பார்க்கப் போயிருந்தார்.

வெடி மூன்று மணிக்கு என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு மேகம் கூடியதும், மழை வந்துவிடும் என்று டைரக்டர் பயந்துவிட்டார். எம். புதுப்பட்டியில் மேகத்தைப் பார்த்துப் பயந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்கவேண்டும். அப்போதே வெடிக்கச் சொன்னார்.

பக்கத்து ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருந்த பெண்களுக்குச் சத்தம் கேட்டது. மேற்கே புகை. லைசென்ஸ் போன ஷெட்டில் ஆள் இருக்கமாட்டார்கள் என்று இந்தப் பக்கம் யாரும் நம்புவதில்லை. எல்லாரும் ஓடினார்கள். முன்னால் ஓடிய கருப்பம்மாள், படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராவுக்கு முன்னால் போய்விட்டார்.

"அவுக எடது செருப்பு வாரு அந்து போச்சு தாயி. சரம் பின்னுற நூல வச்சு நான்தேன் கட்டிக்குடுத்தேன், முந்தின நா. என் முடிச்சு எனக்குத் தெரியாதா? அங்கன கெடக்கு. உள்ள எரியுது."

"கத்துனீங்களா?"

"பேரச் சொல்லி."

குழாய் சுருட்டும் கை நிற்கவில்லை.

"கலியாணமாகி அதுக்கு முந்தி ஒருநாளும் பேரு சொன்னதில்ல. அன்னைக்கு எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. அம்புட்டுச் சத்தமா வந்துச்சு."

அவருடைய கணவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் கம்பெனி கொடுத்த சோற்றுப் பொட்டலம். வாய் நிறையச் சோறு. "ஏ புள்ள, இங்கன இருக்கேன்" என்றாராம். கருப்பம்மாள் குனிந்து அந்த இடது செருப்பையே எடுத்து அவரை அடித்தார். படத்தில் அது இல்லை. இருந்த ஒரே நல்ல நடிப்பை வெட்டிவிட்டார்கள்.

"இனிமே ஒனக்காக ஓடியார மாட்டேன்னு சொன்னேன். படம் வந்தப்ப ஊரே போச்சு. நான் போகல. கோவம்."

உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டேன். உள்ளே போய் வாக்காளர் அட்டையை எடுத்துவந்து, இரண்டாவது வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். கணவர் பெயர்: சீனிச்சாமி.*

* இந்தக் கதையில் என் கணவர் சம்சு இனிமேல்தான் வரப்போகிறார். அவர் பெயரை எழுத எனக்குச் சிரமமே இல்லை. கூப்பிடுவதென்றால் இருபத்தாறு ஆண்டுகளாக "என்னங்க"தான். கூட்டத்தில் என்றால் இருமல்.

5

இதோடு நின்றிருந்தால் நல்ல நகைச்சுவைக் கட்டுரை. ராஜபாண்டியன் மகிழ்ந்திருப்பார். நானும் எழுந்துவிட்டேன். சீனிச்சாமி வேலைக்குப் போயிருக்கிறாரா என்று போகிற போக்கில் கேட்டேன். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்ததைக் கேட்கிறோம் என்று எனக்குத் தெரியாது.

"ரெண்டு வருசம் களிச்சு நெசமாவே வெடிச்சிருச்சு தாயி. வேற கம்பெனி. சத்தம் கேட்டுச்சு, ஓடுனேன். ஓடியார மாட்டேன்னு சொன்னவதேன். போயிப் பாத்தா வாசல்ல அவுக செருப்பு. சினிமாக்காரவுக குடுத்த புதுச் செருப்பு."

ஒரு குழாயை முடித்துக் கூடையில் போட்டார்.

"எல்லாரும் கத்துறாக. நான் கத்தல. கேமரா எங்கன இருக்குன்னு தேடிக்கிட்டு நின்னேன். அதுக்குப் பின்னால நின்னு தின்னுக்கிட்டு இருப்பாகன்னு. வெளிய தூக்கியார வரைக்கும் தேடிக்கிட்டுத்தேன் நின்னேன்."

(இங்கே ஒரு உவமை எழுதிவைத்திருந்தேன். கேட்காதீர்கள்.)

சைஃபுல்லா வண்டியைத் துடைக்கப் போய்விட்டான். வண்டி சுத்தமாகத்தான் இருந்தது.

"அன்னைக்குக் கூப்புடல. பெறகு கூப்புட்டு என்ன? அதனால சூட்டிங் அன்னைக்குக் கூப்புட்டதுதேன் மொதலும் கடைசியும். அந்தப் படம் இப்ப போன்லயே இருக்காம்ல. தனியாப் பாக்கத் தெகிரியம் இல்ல." என் முகத்தைப் பார்த்தார். "நான் அவுகளப் பேரச் சொல்லிக் கூப்புட்டது, அதுல இருக்குல்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

அதுதான் அந்த மூன்றாவது பொய். அடுத்த ஞாயிறு சங்க விழாவில் அந்தக் காட்சியைப் போட்டு உங்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம் என்றேன். வருகிறேன் என்றார். பொன்னாடைக்காக அல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

6

படத்தில் உண்மையில் இருப்பது இது. அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பதிவாகும் சத்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்டூடியோவில் வேறு குரல் கொடுப்பார்கள். சென்னையில், குளிரூட்டிய அறையில், ஒரு பெண் கருப்பம்மாளின் வாயில் வைத்த வசனம்:

"அய்யோ, நம்ம முதலாளி உள்ளே இருக்காரே!"

சுத்தமான உச்சரிப்பு. ஒரு எழுத்து தேயவில்லை.

அதாவது, புருஷன் எரிகிறான் என்று நினைத்து ஒருத்தி வாழ்க்கையில் முதல்முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். படத்திலோ முப்பது வருடமாக அவள் முதலாளிக்காக அழுதுகொண்டிருக்கிறாள். எங்கள் ஊருக்கும் சினிமாவுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கேட்டீர்களே ராஜபாண்டியன் சார், நாலு பக்கம் எதற்கு, இந்த ஒரு வரி போதும்.

7

இனி முடிவு. கதைக்கு முடிவு வேண்டுமே என்று வீட்டிலும் வெளியிலும் ஆலோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

முடிவு அ. ராஜபாண்டியன் தந்தது. கருப்பம்மாளுக்குப் பொன்னாடை, "நம் மண்ணின் முதல் திரை நாயகி" என்று ஃபிளெக்ஸ், காட்சி முழுச் சத்தத்தோடு ஓடும், கைதட்டல். வசனத்தைப் பற்றிச் சொன்னேன். "அது டெக்னிக்கல் மேட்டர் மேடம்" என்றார். சத்தத்தை அணைத்துப் போடலாமா என்றேன். "ஸ்பீக்கர் ரிப்பேர்னு நினைச்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க." வடை முடிந்ததும் எப்படியும் போவார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

முடிவு ஆ. சைஃபுல்லா தந்தது. (எங்களில் அக்காவை லாத்தா என்போம்.) "லாத்தா, கல்யாண வீடியோ எடுக்குற நம்ம அன்பரசன் இருக்கான்ல, அந்தம்மா குரல ரெண்டு நிமிசம் பேச வச்சுக் குடுத்தா, இருபத்தாறு வயசுக் குரலாக்கி அந்த வாயில ஒட்டித் தந்துருவான். அவுகளுக்கு வித்தியாசமே தெரியாது." தெரியாதுதான். நானும் ஒரு நாள் முழுக்க இந்த முடிவோடு சந்தோஷமாக இருந்தேன். பிறகு யோசித்தேன். ஏற்கெனவே ஒருத்தி அந்த வாய்க்குள் புகுந்து கத்தியிருக்கிறாள். இப்போது மிஷினும் புகவேண்டுமா?

முடிவு இ. சம்சு தந்தது. அவர் பருப்பு மண்டியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போயி உள்ளதச் சொல்லிரு."

"நீங்க வந்து சொல்லுங்களேன்."

"தலைய ஆட்டுனது நானா?"

இந்த மனிதர் சினிமாவே பார்ப்பதில்லை. ஆனாலும் திரைக்கதையில் ஓட்டை எங்கே என்று சரியாகச் சொல்லிவிடுகிறார்.

8

சனிக்கிழமை போனேன். (கற்பனையைச் சேர்க்க இதுதான் இடம் என்று எனக்குத் தெரியும். சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் எனக்கு இன்னும் நல்ல பங்கு கொடுத்திருப்பேன்.)

சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டுப் போனை நீட்டினேன். கருப்பம்மாள் பசைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். நான்கு வினாடி. மறுபடி தள்ளிப் பார்த்தார். விரலால் தள்ளத் தெரிந்திருந்தது. மூன்றாம் தரம் பார்த்தபோது அவருடைய உதடும் லேசாக அசைந்தது.

"எம்புட்டு முடி எனக்கு" என்றார்.

பிறகு போனைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"சத்தம் வரலையே தாயி."

"போன் கொஞ்சம் ரிப்பேரும்மா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பேரப்பிள்ளையோடு தினம் வீடியோ காலில் பேசுகிறவர் அவர். போனைத் திருப்பி, பக்கவாட்டில் இருந்த பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

"அய்யோ, நம்ம முதலாளி உள்ளே இருக்காரே!"

தெருவில் போன ஆள் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வாசலில் என் செருப்பு கிடந்தது.

"மன்னிச்சுருங்கம்மா. அன்னைக்கே தெரியும் எனக்கு."

கருப்பம்மாள் அழுவார் என்று பயந்தேன். அழவில்லை. மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டார்.

"அவுக செத்ததுக்கு மொதலாளி மூணு நா களிச்சுத்தேன் வந்தாரு. வண்டிய விட்டு எறங்கல. ஆனா நான் பாருங்க, ரெண்டு வருசத்துக்கு முன்னக்கூட்டியே அவருக்கு அளுது முடிச்சிருக்கேன்."

நான் இத்தனை பக்கம் முக்கி முக்கிச் செய்த கிண்டலெல்லாம் அதோடு காலி.

"நாளைக்கு வர வேணாம்மா. நான் சொல்லிக்கிறேன்."

"வருவேன். அதப் போடுங்க. சத்தத்த அமத்திப் போடுங்க. மைக்க ஏங் கைல குடுங்க." பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். "சொல்லிருவேனான்னு தெரியல தாயி. முப்பது வருசமா வாயில வரல. அன்னைக்கு செருப்பு கெடந்துச்சு. நாளைக்கு என்ன கெடக்கப் போகுது?"

9

இதை ஞாயிறு மதியம் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விழா ஆறு மணிக்கு. மலர் அதற்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். ராஜபாண்டியனிடம் சத்தம் வராது என்று சொல்லிவிட்டேன், காரணம் கேட்டால் டெக்னிக்கல் மேட்டர் என்றும் சொல்லிவிட்டேன். வடையைக் காட்சி முடிந்த பிறகு கொடுக்கச் சொல்லி ஷாஹிதாவிடம் சொல்லியிருக்கிறேன். அவள் எங்கள் பொருளாளர், இரக்கமில்லாதவள்.

எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ள, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து நானும் முயன்றேன். நூல்கண்டு அலமாரியைப் பார்த்து "சம்சு" என்றேன். என்னங்க, இத்தனைக்கும் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள், மண்டியில் இருக்கிறீர்கள். ஆனாலும் எனக்கு வேர்த்துவிட்டது. இரண்டாம் தரம் சொல்ல வரவில்லை.

அதனால் இந்தக் கதையை இங்கேயே நிறுத்துகிறேன். ஆறு மணிக்குக் கருப்பம்மாள் சொன்னாரா என்று எழுதமாட்டேன். அவர் வாயில் இன்னொரு வசனத்தை வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் உங்களிடம் போன் இருக்கிறது. ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம், பன்னிரண்டாவது வினாடி. படத்தின் பெயர் தெரியாதே என்கிறீர்களா, எம். புதுப்பட்டிக்குப் போய் ஆண்டிச்சாமி கடையில் ஒரு டீ குடியுங்கள், சொல்லுவார். சத்தத்தை அணைத்துவிட்டு கருப்பம்மாளின் வாயை மட்டும் பாருங்கள். முதலில் பல் தெரியும். பிறகு வாய் முழுதாகத் திறக்கும். கடைசி எழுத்தில் இரண்டு உதடும் ஒட்டிப் பிரியும். அந்தச் சென்னைக் குரல் "இருக்காரே" என்று இழுக்கும் இடத்தில் உதடு ஒட்டவே ஒட்டாது, கவனித்துப் பாருங்கள்.

அவர் கூப்பிட்ட பெயர் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அந்த மனிதர் யாருமில்லை, அதனால் வெட்கமும் வராது. உதடு ஒட்டும்போது சரியாக வந்து சேர்கிற மாதிரி, சத்தமாக ஒருமுறை கூப்பிட்டுவிடுங்கள்.